குடியிருக்க ஓரிடம்



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. வீடு கட்டுவதன் அருமையை அது நன்கு உணர்த்துகிறது. ஆயினும் வீடு கட்டுவதற்கு முன்னரும், வாடகைக்கு ஒரு வீட்டை அமர்த்துவதற்கு முன்னரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதுதான் இடத்தைத் தேர்ந்தெடுத்தல். கதவு பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். சுவர் பிடிக்காவிட்டால் இடித்துக் கட்டலாம். தெருவே பள்ளத்தில் இருந்தால் அதனை யாரும் தூக்கி நிறுத்த முடியாது.

"படிக்கும் பருவத்தில் இருக்கும் எங்களிடம் இதனை ஏன் சொல்கிறீர்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனை வாங்கும் வயதும் பொருளும் உங்களிடம் இல்லை. ஆனால் உங்கள் தந்தையார் மனை வாங்கப் போகும் நாளில் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பவர், வரைபடத்தை விரித்துப் பார்ப்பவர் பல வீடுகளில் நீங்களாகவே இருப்பீர்கள். மேலும் குடியிருக்கும் இடத்தின் நன்மை தீமைகளை நாள்தோறும் நடந்து அனுபவிப்பவர்களும் நீங்களே. ஆகையால் நான் பட்டறிந்த சிலவற்றை உங்களிடம் சொல்லுகிறேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு ஆகியவற்றைக் கடந்து செவ்வாப்பேட்டை ரோடு என்னும் நிலையம் வரும். அடுத்தது புட்லூர், அதற்கடுத்தது திருவள்ளூர். இந்தப் பாதை பழமையானது. தென்னிந்தியாவில் முதன்முதலாக 1856 ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய பயணிகள் ரயில் இவ்வழியேதான் சென்றது. 1979 இல் திருவள்ளூர் வரை இப்பாதை மின்மயமாயிற்று. பெரம்பூரில் 1955 இல் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், ஆவடியில் அறுபதுகளில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964 இல் தொழிற்பேட்டையும் தோன்றின. அங்கே வேலைக்கு வந்தவர்கள் முதலில் தொழிற்சாலைக்கு அருகில் குடியிருந்தார்கள். அருகில் வாடகை ஏற ஏற ஒவ்வொரு நிலையமாக மேற்கே நகர்ந்தார்கள். அவ்வாறு நகர்ந்து வந்தவர்களுள் என் குடும்பமும் ஒன்று.

2014 ஆம் ஆண்டில் நாங்கள் செவ்வாப்பேட்டையில் வீடு தேடினோம். அம்பத்தூரில் எனக்கு வேலை. வீட்டில் மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், வயது முதிர்ந்த என் தாயார். நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில், புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே ஒரு வீடு கிடைத்தது. வாடகை குறைவு. காற்று தாராளம். பின்புறம் பச்சைப் பசேலென்ற வெளி. சித்திரை மாதத்தில் பார்த்தோம். அரை மணி நேரத்தில் முன்பணம் கொடுத்துவிட்டோம். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு முழங்காலுக்கு மேல் நீர் வந்தது. என் தாயாரை நாற்காலியோடு தூக்கி, மாடியில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் சேர்த்தோம். மகளின் பாடநூல்கள் மிதந்தன. ஐந்து நாள் கழித்தே நீர் வடிந்தது.

அதன் பின்னர்தான் பழைய ஊரில் நெடுநாள் வாழ்ந்த ஒரு பெரியவரிடம் போய்ப் பேசினேன். அவர் சிரிக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. "தம்பி, அது ஏரித் தண்ணீர் பாய்ந்த கழனி. கலங்கல் வழிந்தால் அந்தப் பக்கந்தான் போகும்" என்றார். "ஐயா, முன்பே இது தெரியாமல் போயிற்றே!" என்றேன். "நீங்கள் வந்து கேட்கவில்லையே!" என்றார். அந்த விடை எனக்கு வாழ்நாள் பாடமாயிற்று. அன்றுமுதல் ஒரு தெருவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்று எண்ணத் தொடங்கினேன்.

முதற்கேள்வி: நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?

திருவள்ளூர் மாவட்டம், பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997 இல் பிரிந்தது. ஏரிகளால் பெயர் பெற்ற நாடு இது. வடக்கே கொசத்தலையாறு, தெற்கே கூவம் ஆறு. சென்னையில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் அதே கூவம், இங்கே வயல்களுக்கு நடுவே ஓடும் ஆறு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைக் கொண்டே நம் முன்னோர் ஏரிகளை அமைத்தார்கள்.

ஏரியின் அமைப்பைச் சற்று மனத்தில் வரைந்து பாருங்கள். தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் வளைந்த மண்கரை. உயர்ந்த பக்கத்திலிருந்து நீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். நீர் பரவித் தேங்கும் நிலம் உள்வாய். கரையிலுள்ள மதகு வழியாக நீர் கீழேயுள்ள வயல்களுக்குப் பாயும். அவ்வயல்களுக்கு ஆயக்கட்டு என்று பெயர். ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயாக ஓடி அடுத்த ஏரியை அடையும். இவ்வாறு ஓர் ஏரி மற்றோர் ஏரியோடு சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கும். பல ஏரிகளில் கோடைக்காலத்தில் உள்வாய் வறண்டு வெட்டவெளியாகக் கிடக்கும். கலங்கல் கால்வாயில் புல் முளைத்திருக்கும். புதிதாக வருபவன் அவற்றை வெறும் நிலம் என்று எண்ணுகிறான். ஆனால் நீர் தன் வழியை மறப்பதில்லை.

ஆகவே மூன்று இடங்களைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். ஏரியின் உள்வாய் ஒன்று. கலங்கல் நீர் போகும் வழி மற்றொன்று. கரைக்கு நேர் கீழேயுள்ள தாழ்ந்த நஞ்சை மூன்றாவது. முதல் இரண்டும் குடியிருப்புக்கு உரியன அல்ல. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மூன்றாவது இடத்தில் முறைப்படி மனை பிரிக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் வயலில் நீர் நிற்பதற்காகவே சமப்படுத்திய மண் அது. அங்கே வீடு கட்டுவோர் அடித்தளத்தைச் சாலையைவிட நன்கு உயர்த்திக் கட்ட வேண்டும். சாலையும் பின்னர் ஒவ்வொரு முறை போடும்போதும் சற்று உயரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரயில் பாதையையும் மறந்துவிடலாகாது. வயல்வெளியில் மண்ணை உயர்த்திப் போட்ட பாதை, மழைக்காலத்தில் ஒரு கரைபோலவே நிற்கும். அடியிலுள்ள சிறு பாலங்கள் வழியாகத்தான் நீர் மறுபுறம் செல்ல வேண்டும். அப்பாலங்கள் தூர்ந்திருந்தால் ஒரு பக்கத்துத் தெருக்கள் குளமாகும்.

இவற்றை அறிவது எப்படி? ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களும் ஓரளவு சொல்லும். தாங்கல் என்றால் சிறு ஏரி. மேடு, திட்டு, பள்ளம், ஓடை, மதகு முதலிய சொற்கள் பொருளின்றி வழங்கத் தொடங்கவில்லை. தாங்கல் இருந்த இடத்துக்கு இன்று மலரின் பெயரோ தலைவரின் பெயரோ சேர்ந்த ஒரு 'நகர்' பலகை நாட்டியிருக்கலாம். பலகை மாறினாலும் பதிவேட்டில் பழைய பெயர் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டில், ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று குறித்திருக்கும். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படமும் உண்டு. பட்டா, புலப்படம் ஆகியவற்றை இப்போது அரசின் இணையதளத்திலேயே காணலாம். வானிலிருந்து எடுத்த படங்களை ஆண்டுவாரியாகக் காட்டும் கூகுள் எர்த் போன்ற வசதிகளும் வந்துவிட்டன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் நீர் நின்றதா என்பதை உங்கள் கைபேசியிலேயே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. ஓரிடத்தைச் சித்திரையில் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். சித்திரையில் கிணற்றில் நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்த்தால் குடிநீரின் நிலை விளங்கும். ஐப்பசியில் தெருவில் நடந்து பார்த்தால் வெள்ளத்தின் நிலை விளங்கும். இப்பகுதியின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கிறது. ஒரு பருவத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பவன், நான் செய்த பிழையையே செய்கிறான்.

இரண்டாவது கேள்வி: கால்கள் எங்கெங்கே நடக்க வேண்டும்?

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது வழக்கம். குடியிருப்பவனோ அதனை நேரத்தில் அளக்க வேண்டும். எங்கள் பழைய வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்க 25 நிமிடம் ஆகும். போகவும் வரவும் 50 நிமிடம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று கொண்டால் 250 மணி நேரம். அதாவது இரவு பகலாகப் பத்து நாளுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் நான் அந்தச் சாலையிலேயே கழித்தேன். குறைந்த வாடகையால் மிச்சமான பணத்தோடு இந்த நேரத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்திருந்தால், நிலையத்துக்கு அருகே சிறிய வீடொன்றைத் தேடியிருப்பேன்.

வரைபடம் இவ்விஷயத்தில் நம்மை ஏமாற்றவும் கூடும். செவ்வாப்பேட்டையும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்தில் உள்ளவை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த ஒருவர், மாவட்டம் ஒன்றுதானே என்று எண்ணி இங்கே குடிவந்தால் துன்பப்படுவார். ஒன்று மேற்குப் பாதையில் இருக்கிறது, மற்றொன்று வடக்குப் பாதையில். ரயிலில் போவதானால் சென்னைக்குள் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, வேறு வண்டி மாறி மீண்டும் வெளியே போக வேண்டும். அம்பத்தூர், ஆவடி, காக்களூர்த் தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோர்க்கோ செவ்வாப்பேட்டை மிக ஏற்றது. ஆகவே நல்ல ஊர் எது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருக்கு, எந்த வேலைக்கு நல்ல ஊர் என்றே கேட்க வேண்டும்.

குழந்தைகளின் வழியை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். அமெரிக்க நாட்டில் கிளாரன்ஸ் பெரி என்னும் அறிஞர், 1929 இல் ஒரு குடியிருப்பு எப்படி அமைய வேண்டும் என்று எழுதினார். நடுவில் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும், பெருஞ்சாலைகள் குடியிருப்பின் ஓரமாகவே செல்ல வேண்டும், பெருஞ்சாலை எதனையும் கடக்காமல் குழந்தை பள்ளிக்கு நடந்து போக வேண்டும் என்பன அவர் கருத்துகள். நம் ஊர்களை அத்திட்டப்படி யாரும் அமைக்கவில்லை. எனினும் அவர் வைத்த அளவுகோலை நாம் பயன்படுத்தலாம். வீடு பாதையின் ஒரு புறமும் பள்ளி மறுபுறமும் இருந்தால் பிள்ளைகள் எந்த வழியாகக் கடக்கிறார்கள் என்று பாருங்கள். நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ தொலைவில் இருந்தால், அவசரத்தில் தண்டவாளத்தின்மேல் நடக்கும் பழக்கம் வந்துவிடும். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அதனால் உயிரிழந்தோர் பலர். ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாத தெருவே நல்ல தெரு.

மூன்றாவது கேள்வி: இடத்துக்கு உரிய ஏடுகள் செம்மையாக உள்ளனவா?

விற்பவருக்கு உரிமை உண்டா என்பதைப் பட்டாவும் தாய்ப்பத்திரமும் காட்டும். அவ்விடத்தின்மேல் கடனோ வேறு விற்பனையோ பதிவாகியுள்ளதா என்பதை வில்லங்கச் சான்று காட்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பது தனியே பார்க்க வேண்டியது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22அ பிரிவும் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017 இல் விதிகள் ஏற்பட்டன. சென்னைப் பெருநகரின் எல்லை 2022 இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. எனவே எந்த அலுவலகத்தின் அங்கீகாரம் வேண்டும் என்பதையும் கேட்டறிதல் நன்று.

பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக உள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. மனை பார்க்கப் போகும்போது வரைபடத்தைக் கையில் கொண்டுபோங்கள். பூங்கா என்று எழுதிய இடத்தில் பூங்கா இருக்கிறதா, அல்லது யாருடைய வேலியாவது இருக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள். அந்த இடத்தைக் காப்பாற்றிய தெருவில் அயலார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள் என்று பொருள்.

நான்காவது கேள்வியே மிகக் கடினமானது: நாம் தேர்ந்தெடுக்காமல் விட்ட இடத்தில் யார் வாழ்வார்?

பழைய ஊர்களைப் பாருங்கள். நத்தம் என்னும் குடியிருப்பு நிலம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். அது முன்னோரின் அறிவு. ஆயினும் அந்த மேடு எல்லார்க்கும் கிடைக்கவில்லை. பல ஊர்களில் ஒரு சாரார் மேட்டில் வாழ, ஒடுக்கப்பட்டோர் நீர் நிற்கும் ஓரத்திலேயே வாழ வேண்டியிருந்தது. அவர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கு விடப்பட்ட இடம் அது. புதிய குடியிருப்புகளிலும் அதே முறை வேறுருவில் தொடர்வதைக் காண்கிறோம். இன்ன சாதியார்க்கு மட்டுமே வீடு என்று சொல்வோர் இன்றும் உளர். பள்ளமான மனை மலிவாகிறது, மலிவான மனை குறைந்த ஊதியம் பெறுவோர்க்குப் போகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே எல்லார்க்கும் சமமாக இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. 2016 சனவரியில் நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்போது நேர்ந்த ஒன்றால் அறிந்தேன். காக்களூரில் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர், இளம் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. நீர் நின்ற கறை மறைந்துவிட்டது. "சார், இந்தப் பக்கம் எப்படி?" என்று அவர் என்னைக் கேட்டார். அருகில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் தீயவர் அல்லர். வெள்ளத்தின்போது ஐந்து நாளும் என் தாயாருக்கு அவர் வீட்டில்தான் சோறு. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தையெல்லாம் அந்த வீட்டில் போட்டிருந்தார். மனையை விற்றவரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு வாடகை போகும். சொல்லாவிட்டால் அடுத்த மழையில் இன்னொரு குடும்பம் நீரில் நிற்கும்.

சற்று நேரம் தயங்கினேன். பிறகு, "மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தது" என்று சொல்லி, நீர் நின்ற உயரத்தைச் சுவரில் கைவைத்துக் காட்டினேன். அன்று முழுவதும் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. அந்த இளைஞரோ, வேறு வீட்டுக்குக் கொடுக்கப் பணம் போதாமையால் அதே வீட்டையே எடுத்தார். ஆனால் அறிந்து எடுத்தார். வாடகையைச் சற்றுக் குறைத்துப் பேசினார். வாசலில் ஒன்றரை அடித் தடுப்புச் சுவர் எழுப்பச் சொன்னார். ஐப்பசி பிறக்கும்போதே புத்தகங்களையும் துணிமணிகளையும் பரண்மேல் ஏற்றிவிடுவார் என்று பின்னர் அறிந்தேன். நல்ல இடத்தைத் தேர்ந்தெடுக்க இயலாதவனுக்கும் இடத்தைப் பற்றிய அறிவு பயன்படுகிறது என்பதை அவர் எனக்குக் கற்பித்தார்.

நாங்கள் இப்போது அதே செவ்வாப்பேட்டையில், பழைய ஊரை ஒட்டிய மேட்டுத் தெரு ஒன்றில் வாழ்கிறோம். வீடு சிறியது. பின்புறம் பச்சைவெளி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் வாசற்படிக்கு நீர் வரவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பழைய தெருவில் நீர் எந்த உயரத்தில் இருக்கும் என்ற நினைவாகவே இருந்தது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் தெருவின் புல எண் என்ன, அது முன்பு நஞ்சையா புஞ்சையா என்று அறிந்துகொள்ளுங்கள். அருகிலுள்ள ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஊரில் மூத்தவர் ஒருவரிடம், நீர் எவ்வழி போகும் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். நாளை உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து, "இந்தப் பக்கம் எப்படி?" என்று கேட்கும். அப்பொழுது சொல்வதற்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். அதனைத் தயங்காமல் சொல்லும் துணிவும் இருக்க வேண்டும்.